கேசிங்குக்குள் யூஎஸ்பி இணைப்பு போதாவிட்டால்: எண்ணுவதிலிருந்து ஹப் பூட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துத்தான் நான் கொம்பியூட்டர் பூட்டுவது. போன கச்சான் காலத்தில் காத்தான்குடியிலிருந்து ஒரு தம்பி சாமான்கள் எல்லாவற்றையும் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார். கண்ணாடிக் கேசிங், சிபியுவைக் குளிராக்கும் தண்ணீர்க் கூலர், லைட் வைத்த ஃபேன்கள், வைஃபை கார்ட், நடுத்தர விலையில் ஒரு மதர்போர்ட். ஒவ்வொன்றும் நல்ல தெரிவுதான். பின்னேரம் ஆறு மணியளவில் வேலை முடிகிற நேரம், கூலரின் யூஎஸ்பி வயர் கையில் மிச்சம். செருக இடமில்லை.

"அண்ணன், போர்ட்டப் பிழையா எடுத்துட்டனா?" என்றார்.

"போர்ட் சரி தம்பி. எண்ணாம எடுத்ததுதான் பிழை" என்றேன். அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. பம்பலப்பிட்டியில் இருப்பவர் ஒரு சின்ன வயர் குறைந்தால் நடந்து போய் யூனிற்றி பிளாஸாவில் வாங்கி வருவார். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருக்கிற நமக்கு அது 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம். கூரியரில் வருவிக்கலாம்தான். ஆனால் அதுவரை கேசிங் திறந்தபடி மேசையில் கிடக்கும். அதனால் நமக்கு எண்ணிக்கைதான் முதல் வேலை, காசு கட்டுவது இரண்டாவது வேலை.

முதல் படி: ஹெடரை எண்ணாதீர்கள், வரிசையை எண்ணுங்கள்

மதர்போர்டின் கீழ் விளிம்பில் கறுப்புச் சட்டத்துக்குள் ஒன்பது பின்கள் நிற்கும். அதைத்தான் யூஎஸ்பி 2.0 ஹெடர் என்கிறோம். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, ஒரு மூலையில் மட்டும் ஒரு பின் இருக்காது. போர்டில் அதன் பக்கத்தில் எம்எஸ்ஐ தயாரிப்பு என்றால் ஜே-யூஎஸ்பி என்றும், கிகாபைட் என்றால் எஃப்-யூஎஸ்பி என்றும் அச்சடித்திருக்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம், இந்த ஒரு ஹெடருக்குள் இருப்பது இரண்டு யூஎஸ்பி போர்ட்கள். ஒரு வரிசை ஒரு போர்ட், மற்ற வரிசை இன்னொரு போர்ட். இரண்டு வரிசையிலும் ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் 5 வோல்ட், அடுத்தது டேட்டா மைனஸ், அடுத்தது டேட்டா பிளஸ், நான்காவது கிரவுண்ட். பின் இல்லாத மூலை கிரவுண்ட் பக்கம் இருக்கும். 5 வோல்ட் அதற்கு எதிர் முனையில். வழக்கமான நிறத்தில் வயர் போட்டிருந்தால் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று அதே வரிசையில் வரும்.

ஆக, இரண்டு ஹெடர் உள்ள மதர்போர்டில் உங்களுக்கு நான்கு போர்ட்கள் இருக்கின்றன. இனி உங்கள் சாமான்களை எடுத்து ஒவ்வொன்றின் பிளக்கையும் திருப்பிப் பாருங்கள். ஒன்பது துளையுள்ள பிளக்காக இருந்தாலும் எத்தனை துளைக்குப் பின்னால் வயர் வருகிறது என்பதுதான் கணக்கு. கூலரின் பிளக்கில் பெரும்பாலும் ஒரு வரிசைக்குத்தான் வயர் இருக்கும், மற்ற வரிசை வெறும் பிளாஸ்டிக். ஃபேன் லைட்களை இயக்கும் லைட் கொன்ட்ரோலரும் அப்படித்தான். மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டில் செருகும் வைஃபை கார்டின் வைஃபை பகுதி அந்த ஸ்லொட்டிலேயே ஓடும். ஆனால் அதிலிருக்கும் புளூடூத்துக்குத் தனியே ஒரு யூஎஸ்பி வயர் வேண்டும். அதுவும் ஒரே வரிசை. இந்த வயரைப் பூட்டாமல் விட்டுவிட்டு "புளூடூத் வேலை செய்யவில்லை" என்று வருபவர்கள் ஏராளம். கேசிங்கின் முன்பக்கத்தில் இரண்டு யூஎஸ்பி 2.0 துளை இருந்தால் மட்டும் அந்த வயர் இரண்டு வரிசையையும் எடுத்துக்கொள்ளும்.

காத்தான்குடித் தம்பியின் கணக்கு இப்படி வந்தது. முன்பக்கம் இரண்டு, கூலர் ஒன்று, லைட் கொன்ட்ரோலர் ஒன்று, புளூடூத் ஒன்று. மொத்தம் ஐந்து. கையில் இருப்பது நான்கு. பிளக்கை எண்ணினால் நான்கு பிளக், இரண்டு ஹெடர், பாதிக்குப் பாதி பற்றாக்குறை என்று பயம் பிடிக்கும். வரிசையை எண்ணினால் குறைவது ஒன்றே ஒன்று.

இன்னும் மதர்போர்ட் வாங்கவில்லை என்றால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஆகக் குறைந்த விலை மதர்போர்ட்கள் சிலவற்றில் ஒரே ஒரு யூஎஸ்பி 2.0 ஹெடர்தான் இருக்கும். கடைக்காரரிடம் கேட்பதைவிட, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மொடலின் கையேட்டைத் திறந்து பார்ப்பது நிச்சயமானது. மற்றது, வைஃபையோடு வரும் போர்டை எடுத்தால் புளூடூத்துக்கான யூஎஸ்பி போர்டுக்குள்ளேயே ஓடிவிடும். ஒரு வரிசை மிச்சம்.

இரண்டாம் படி: வெறுமனே கிடக்கும் பாதியைப் பயன்படுத்துங்கள்

என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு மேல் பிரச்சினை இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் ஒன்றுக்கும் செலவழிக்க வேண்டியதில்லை.

ஒரே வரிசையைப் பாவிக்கிற இரண்டு சாமான்கள் உங்களிடம் இருந்தால் அவை இரண்டும் ஒரே ஹெடரில் உட்காரலாம், ஒன்று முதல் வரிசையில், மற்றது இரண்டாம் வரிசையில். அவற்றின் பிளக்குகள் ஒற்றை வரிசைப் பிளக்குகளாக இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் நேரடியாகச் செருகிவிடலாம். ஒற்றை வரிசைப் பிளக்கைத் தலைகீழாகச் செருகவும் முடியும் என்பதால் சிவப்பு வயர் 5 வோல்ட் பின்னுக்குத்தான் போகிறதா என்று ரொர்ச் அடித்துப் பார்த்த பிறகே அழுத்துங்கள். தலைகீழானால் சாமான் எரியக்கூடும்.

இரண்டும் ஒன்பது துளைப் பிளக்காக இருந்தால் ஒரே ஹெடரில் ஏறாது. அப்போது ஒரு ஹெடரை இரண்டாகப் பிரிக்கிற வை (Y) வடிவ வயர் தேவை. இங்கேதான் ஆட்கள் ஏமாறுவது. இந்த வயரில் பெரும்பாலானவை உள்ளே எந்தச் சிப்பும் இல்லாதவை. ஒன்பது வயரையும் அப்படியே இரண்டு பக்கத்துக்கும் கொண்டுபோய் விடுகின்றன. யூஎஸ்பியில் ஒரு டேட்டா வயர்ச் சோடியில் இரண்டு சாமான் சேர்ந்து பேச முடியாது. கூலரும் லைட் கொன்ட்ரோலரும் இரண்டுமே முதல் வரிசைக்கு வயர் போட்டவையாக இருந்தால், இந்த வயரில் பூட்டியதும் இரண்டுமே கெட்டுப்போனது போல நடிக்கும். ஒன்றைக் கழற்றினால் மற்றது உடனே வேலை செய்யும். கூலர் பழுது என்று திருப்பி அனுப்பியவர்களையும் எனக்குத் தெரியும்.

வழி என்ன? ஒன்றை மற்ற வரிசைக்கு மாற்றுவது. கறுப்புப் பிளக்கின் பக்கவாட்டைப் பார்த்தால் ஒவ்வொரு வயருக்கும் மேலே ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு தெரியும். அதன் கீழே உலோகக் கொக்கி மாட்டியிருக்கும். தையல் ஊசியால் அந்த நாக்கை நெல்மணி அளவுக்குக் கூட வேண்டாம், ஒரு மயிரிழை உயர்த்தினால் போதும். வயரை மெல்ல இழுக்க, அது உலோக முனையோடு வெளியே வரும். அதே ஒழுங்கில், சிவப்புக்கு எதிரே சிவப்பு, வெள்ளைக்கு எதிரே வெள்ளை என்று பக்கத்து வரிசைத் துளைகளுக்குள் தள்ளுங்கள். உள்ளே போய்ச் சேரும்போது விரலுக்கு ஒரு சின்ன 'டிக்' தெரியும். தெரியாவிட்டால் முனையைப் பிரட்டி மறுபடி தள்ளுங்கள், கொக்கி நாக்கின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். நாலு வயரையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒன்றை எடுத்து, ஒன்றை மாற்றி, மறுகா அடுத்ததை எடுங்கள். தொடங்க முன்னும் முடிந்த பின்னும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக் முழுதும் இறப்பர் போல வார்த்து மூடியிருந்தால் இந்த வேலை சரிவராது. உத்தரவாதக் காலத்தில் உள்ள விலை கூடிய கூலர் என்றாலும் அதன் வயரில் கைவைக்காதீர்கள். கார்டோடு வந்த புளூடூத் வயரை மாற்றுங்கள், அது கெட்டாலும் இன்னொன்று வாங்கலாம்.

மூன்றாம் படி: வேறு வாசல்கள்

இரண்டாம் படி முடிந்தும் குறைந்தால், வேறு எங்கே யூஎஸ்பி போர்ட் சும்மா இருக்கிறது என்று பாருங்கள். முதலில் கேசிங்கின் பின்பக்கம். அங்கே நாலோ ஆறோ யூஎஸ்பி துளை இருக்கும், கீபோர்டுக்கும் மவுஸுக்கும் பிரின்டருக்கும் போக மிச்சம் வரும். சாதாரண யூஎஸ்பி முனையை ஒரு பக்கமும், ஒன்பது பின் நிற்கும் முனையை மறுபக்கமும் கொண்ட வயர் கிடைக்கிறது. அதைப் பின்னால் செருகி, ஸ்லொட் மூடியொன்றைக் கழற்றி அந்த வழியால் உள்ளே கொண்டுவந்தால் முடிந்தது. வெளியே ஒரு வயர் தெரிவது மட்டும்தான் குறை. சிப் இல்லை, ஹப் இல்லை, அந்த யூஎஸ்பி போர்ட்டின் முழு 500 மில்லிஅம்பியரும் அந்த ஒரு சாமானுக்கே. தம்பியின் புளூடூத்துக்கு நான் தெரிவு செய்ததும் இதைத்தான்.

இரண்டாவது வாசல் 19 பின் யூஎஸ்பி 3.0 ஹெடர். உங்கள் கேசிங்கின் முன்பக்கத்தில் நீல நிற யூஎஸ்பி 3.0 துளை இல்லாவிட்டால் இது சும்மா கிடக்கும். இதற்குள்ளே வேகமான வயர்களோடு சேர்த்து இரண்டு யூஎஸ்பி 2.0 போர்ட்களின் வயர்களும் இருக்கின்றன. 19 பின்னிலிருந்து ஒன்பது பின்னாக்கும் சிறு அடப்டர் பூட்டினால் இன்னொரு முழு ஹெடர் கிடைத்த மாதிரி. இந்த 19 பின் பிளக் இறுக்கமானது. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுத்தால் போர்டில் உள்ள பிளாஸ்டிக் கூடு சேர்ந்தே வந்துவிடும், பின்னும் வளைந்துவிடும். இரண்டு பக்கத்தையும் விரலால் பிடித்து, ஆட்டாமல் நேராக மேலே எடுங்கள்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி கார்டும் ஒரு வழிதான். ஆனால் ஒரு கூலருக்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். முன்பக்க யூஎஸ்பி 3.0 துளைக்கே ஹெடர் இல்லாத பழைய மதர்போர்ட்களுக்கு அது நல்லது. சின்ன மதர்போர்ட் என்றால் கிராபிக்ஸ் கார்ட் அந்த ஸ்லொட்டை மூடிவிடுகிறதா என்று அளந்து பாருங்கள்.

நான்காம் படி: ஹப் வாங்குவதென்றால்

இதற்குப் பிறகும் குறைந்தால் உள்ளே பூட்டும் ஹப்தான் வழி. ஒரு ஹெடரில் செருகி, நான்கு சாமான்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி அல்லது வெறும் சர்க்கியூட் தகடு. சந்தையில் உள்ளவை பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே நிறைய வேறுபாடு.

முதலில் கரண்ட். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரக்கூடியது 5 வோல்டில் 500 மில்லிஅம்பியர். தனிப் பவர் இல்லாத ஹப் அந்த ஒன்றையே எல்லோருக்கும் பகிர வேண்டும். விதிப்படி அப்படிப்பட்ட ஹப்பில் ஒரு துளைக்கு 100 மில்லிஅம்பியர்தான். புளூடூத்துக்கு அது போதலாம், முன்பக்கத்தில் ஒருவர் பென்டிரைவோ போன் வயரோ செருகினால் போதாது. ஆகவே பவர் சப்ளையிலிருந்து சாட்டா அல்லது மொலெக்ஸ் வயர் செருகும் வசதியுள்ள ஹப்பையே வாங்குங்கள். உங்கள் பவர் சப்ளையில் அந்த முனை மிச்சம் இருக்கிறதா என்றும் முதலே பாருங்கள். மொலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வார்த்தெடுத்த மலிவு அடப்டர்கள் உள்ளே ஷோர்ட் ஆகித் தீப்பிடித்த கதைகள் உண்டு. அதை நம்பி ஹப் வாங்க வேண்டாம்.

அடுத்தது, ஹப்பில் நான்கு ஹெடர் நின்றாலும் எட்டுப் போர்ட் என்று நினைத்துவிடாதீர்கள். மலிவான ஹப்களில் வருவது நான்கு போர்ட் சிப்தான். அப்படியென்றால் ஒவ்வொரு ஹெடரிலும் ஒரு வரிசை மட்டும் உயிரோடு இருக்கும், அல்லது இரண்டு ஹெடர்தான் முழுமையாக இருக்கும். மேலும், அந்த ஹப் மதர்போர்ட் ஹெடரில் ஒரு வரிசையை மட்டுமே பாவித்துக்கொண்டு மற்றதை மூடிவிடும். எனவே நான்கு கொடுத்து இரண்டை எடுத்துக்கொள்கிறது என்று கணக்குப் போடுங்கள்.

வேகம் பற்றிக் கவலை வேண்டாம். 2000ஆம் ஆண்டு வந்த யூஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட் ஓடும். கூலரும் லைட் கொன்ட்ரோலரும் பெரும்பாலும் 12 மெகாபிட் வேகத்திலேயே பேசுபவை. திரை வைத்த கூலர் மட்டும் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை நேரே போர்டில் பூட்டுங்கள்.

மூன்றாவதுதான் நான் பட்ட பாடு. ஒரு முறை வருவித்த ஹப்பைப் பூட்டி எல்லாம் ஓடவைத்தேன். கொம்பியூட்டரை அணைத்த பிறகும் ஃபேன் லைட்கள் விளக்குத்திரி அணையப்போவதுபோல மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. மறுபடி சுவிட்சை அமத்தினால் எழும்பவில்லை. பின்னால் பவரை நிறுத்தி ஒரு நிமிடம் விட்டுப் போட்டால்தான் எழும்பியது. இரண்டு நாள் பவர் சப்ளையையே சந்தேகப்பட்டேன். கடைசியில் ஹப்பைக் கழற்றி மல்டிமீற்றரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையை ஹப்பின் சாட்டா 5 வோல்டிலும், மற்றதை மதர்போர்டுக்குப் போகும் வயரின் 5 வோல்டிலும் வைத்தேன். 'பீப்' என்று நீளமாகக் கத்தியது. இரண்டும் உள்ளே நேரடியாக ஒட்டியிருந்தன. பல மதர்போர்ட்கள் கொம்பியூட்டரை அணைத்த பிறகும் யூஎஸ்பிக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கரண்ட் ஹப் வழியாகத் திரும்பிப் போய் பவர் சப்ளையின் 5 வோல்ட் வயருக்குள் ஏறியிருக்கிறது.

அந்த ஹப்பில் மதர்போர்டுக்குப் போகும் சிவப்பு வயரை மட்டும் பிளக்கிலிருந்து எடுத்து, முனையை டேப் சுற்றி விட்டேன். மறுபடி அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எல்லா ஹப்பும் இப்படி ஓடும் என்று சொல்ல முடியாது. புதிதாக வாங்கியது என்றால் பூட்டுமுன் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, கத்தினால் திருப்பிக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: பூட்டும் ஒழுங்கு

பவர் சப்ளையின் பின்சுவிட்சை நிறுத்தி, சுவரிலிருந்து வயரையும் கழற்றி, கேசிங் சுவிட்சை ஒரு முறை அமத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் பின்களை ஒரு தரம் பாருங்கள். உப்புக் காற்றில் பெட்டிக்கு வெளியே பல மாதம் கிடந்த பழைய மதர்போர்ட்களில் பின் மங்கிப் பச்சை பூத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்துக் காயவிட்டால் போதும்.

ஓடியோ ஹெடரும் ஒன்பது பின்தான், பக்கத்திலேயே நிற்கும். அதில் இல்லாத பின் மூலையில் இல்லாமல் ஒன்று உள்ளே தள்ளி இருக்கும். பிளக் இலகுவாக இறங்காவிட்டால் அழுத்தாதீர்கள், இடம் பிழை.

யாரை எங்கே வைப்பது? முன்பக்கத் துளைகள் நேரே போர்டில். அங்கேதான் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் போனும் வரும். கூலரும் லைட் கொன்ட்ரோலரும் ஹப்புக்குப் போகலாம். கூலருக்குள் இருக்கும் மென்பொருளை (ஃபேர்ம்வெயர்) புதுப்பிக்கிற நாளில் மட்டும் அதை நேரே போர்டில் செருகிச் செய்யுங்கள், நடுவில் தொடர்பு அறுந்தால் சிக்கல். கூலரின் வேகம் காட்டும் மூன்று பின் வயர் இருந்தால் அதை சிபியு ஃபேன் இடத்தில் பூட்ட மறக்காதீர்கள். யூஎஸ்பி போனாலும் பம்ப் நின்றால் போர்டுக்குத் தெரியவேண்டும். ஹப்பை கேசிங்கின் பின்தட்டில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள், வெறும் தகடாக இருந்தால் கீழே உலோகம் படாமல் ஒரு காப்புத் தாள் வையுங்கள்.

பிறகு கண்ணாடியைப் பூட்டாமலே ஓடவைத்துப் பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்து, வியூ பட்டியலில் இணைப்பின்படி காட்டச் சொன்னால் எந்தச் சாமான் எந்த ஹப்பின் கீழ் நிற்கிறது என்று மரம்போல விரியும். ஒவ்வொன்றும் எண்ணிய இடத்தில் நிற்கவேண்டும். சாமான் செருகிக் கழற்றும் சத்தம் சும்மா சும்மா கேட்டால் பெரும்பாலும் கரண்ட் போதவில்லை அல்லது ஒரு முனை சரியாக இறங்கவில்லை. இரண்டும் சரி என்றால் பவர் ஒப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்டை நிறுத்திப் பாருங்கள். சும்மா இருக்கும் கொன்ட்ரோலரை விண்டோஸ் தூங்கவைக்கப்போய் லைட்டுகள் சிக்கிக்கொள்வது உண்டு.

கடைசியாக அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். எந்த லைட்டும் எரியக்கூடாது. திரும்ப அமத்தினால் முதல் தடவையிலேயே எழும்பவேண்டும்.

அந்தத் தம்பியின் கொம்பியூட்டருக்கு ஹப் தேவைப்படவே இல்லை. முன்பக்கம் ஒரு ஹெடரை எடுத்தது. கூலரும், வரிசை மாற்றிய லைட் கொன்ட்ரோலரும் வை வயரில் மற்றதைப் பகிர்ந்துகொண்டன. புளூடூத் பின்பக்கத்திலிருந்து. இரண்டு வயரும் கூரியரில் வந்து சேர்ந்த அன்றிரவே கண்ணாடியைப் பூட்டிக் கொடுத்தனுப்பினேன்.